தும்மலும் புல்லும்: கிர்ஸ்டன் ஜான்சனின் ‘கேமராபெர்சன்’ பற்றிப் பேசுவோம்

மலைச்சாரல் | சனி, இரவு 9:40

‘கேமராபெர்சன்’ படத்தை நேற்று மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 2016 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிட்ட படம், 102 நிமிடம். நம் மன்றத்தில் இதற்குப் பேச்சு இழை எதுவும் இல்லை, அதனால் நானே தொடங்குகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: கிர்ஸ்டன் ஜான்சன் அமெரிக்க ஆவணப்பட ஒளிப்பதிவாளர். 1965ல் பிறந்தவர். பாரிஸில் லா ஃபெமிஸ் திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு படித்தவர். மைக்கேல் மூரின் ‘ஃபாரன்ஹீட் 9/11’, லாரா பாய்ட்ரஸின் ‘தி ஓத்’, ‘சிட்டிசன்ஃபோர்’ என்று அடுத்தவர்கள் இயக்கிய படங்களுக்குக் கேமரா பிடித்தே 25 வருடம் ஓடியிருக்கிறது. அப்படி எடுத்தவற்றிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கோத்து, தன் வீட்டில் எடுத்ததையும் சேர்த்து, “இதை என் வாழ்க்கைக் குறிப்பாகப் பாருங்கள்” என்று தொடக்கத்தில் சில வரி எழுத்தில் கேட்டுக்கொள்கிறார். அதற்கப்புறம் விளக்கக் குரல் கிடையாது. ஊர்ப் பெயர் மட்டும் வரும்: பொஸ்னியாவில் ஃபோச்சா, நைஜீரியாவில் கானோ, ஏமனில் சனா, காபூல், புரூக்ளின். ஒரு காட்சி முடிந்து அடுத்தது எங்கே போகும் என்று நம்மால் சொல்ல முடியாது.

முதல் சில நிமிடங்களிலேயே என்னைப் பிடித்துப் போட்டது இரண்டு விஷயம். ஃபோச்சாவில் மலைச்சரிவை எடுக்கக் கேமராவைத் தரையோடு வைக்கிறார். லென்ஸுக்கு முன்னால் புல் மறைக்கிறது. ஒரு கை உள்ளே வந்து அந்தப் புல்லைப் பிடுங்குகிறது. அடுத்து மிசௌரியில் ஒரு சாலை. வானம் கறுத்து மின்னல் இறங்குகிறது. கேமரா அசையாமல் காத்திருக்கிறது. திடீரென்று ஒரு தும்மல், படச்சட்டமே குலுங்குகிறது. எந்த எடிட்டராக இருந்தாலும் வெட்டி எறிந்திருக்கக்கூடிய இடம். இங்கே அதிலிருந்துதான் படமே தொடங்குகிறது.

நான் பேச விரும்புவது ஃபோச்சாவைப் பற்றி. 1992 ஏப்ரலில் செர்பியப் படைகள் பிடித்த ஊர். அங்கே முஸ்லிம் பெண்களை அடைத்து வைத்துச் செய்த கொடுமைகளுக்காக, 2001 பிப்ரவரியில் ஹேக் நகரில் இருந்த போர்க்குற்றத் தீர்ப்பாயம் மூன்று பேருக்கு 28, 20, 12 ஆண்டுகள் சிறை விதித்தது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன பெண்களைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காகத்தான் ஜான்சன் அங்கே போனார். போன இடத்தில் மலைமேல் ஒரு முஸ்லிம் குடும்பம் திரும்பி வந்து ஆடு மேய்த்துக்கொண்டு வாழ்வதைப் பார்க்கிறார். அந்தப் பாட்டி, பெரிப் பழம் பறிக்கும் பெண்கள், கோடரியை எடுத்து விளையாடும் ஒரு சின்னப் பயல். கோடரிக் காட்சியில் கேமராவுக்குப் பின்னாலிருந்து மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்கும். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போய், எடுத்ததை அவர்களுக்கே காட்டுகிறார். என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் நடுத்தூண் இந்த ஒரு பயணம்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

கதிர்_98 | சனி, இரவு 10:15

அண்ணா, கல்லூரியில் ஒரு பேராசிரியர் போட்டுக் காட்டினார். உண்மையைச் சொல்கிறேன், பாதியில் பொறுமை போய்விட்டது. ஒரு குத்துச்சண்டைப் பையன், அடுத்து ஒரு பாட்டி, அடுத்து ஒரு சிறைச்சாலை. எதுவும் முடியாமலே அடுத்ததற்குப் போய்விடுகிறது. இவரைப் பற்றிய படம் என்றால் இவர் எங்கே பிறந்தார், எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்று எதுவும் வரவில்லையே? முகத்தைக்கூடக் கடைசியில்தான் கொஞ்சம் காட்டுகிறார்.

---

படச்சுருள் | சனி, இரவு 10:52

தம்பி கதிர், அந்தக் கேள்வி நியாயமானது. ஒளிப்பதிவாளர்களைப் பற்றிய படங்கள் பலவும் நீங்கள் எதிர்பார்ப்பது மாதிரிதான் இருக்கும். ஜாக் கார்டிஃப் பற்றி 2010ல் ஒன்று வந்தது. அவரை உட்கார வைத்துப் பேச வைத்து, நடுநடுவே அவர் எடுத்த படங்களின் காட்சிகள். ஹாஸ்கெல் வெக்ஸ்லரைப் பற்றி அவருடைய மகன் மார்க் 2004ல் எடுத்த படத்தில் அப்பாவும் பிள்ளையும் மல்லுக்கட்டுவதே கதை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் இரண்டிலும் கேமரா வேறு ஒருவர் கையில்.

ஜான்சனுக்கு ஓரளவு பக்கத்தில் வருவது பிரெஞ்சு ஒளிப்படக்காரர் ரேமோன் தெபார்தோனும் கிளோதின் நூகரேவும் சேர்ந்து 2012ல் செய்த படம். வீட்டின் அடித்தளத்தில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த பழைய சுருள்களை எடுத்துக் கோத்தார்கள். அதிலும் விளக்கக் குரல் உண்டு. ஜான்சன் அதையும் எடுத்துவிட்டார். நீங்கள் கேட்கும் வாழ்க்கை வரலாறு படத்தில் இருக்கிறது தம்பி. நேராகச் சொல்லாமல், எங்கே பார்க்கிறார், எதைப் பார்த்தால் நிற்கிறார், எப்போது கண்ணை எடுக்கிறார் என்பதில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். இந்த ஃபுட்டேஜ் எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. கூலிக்குக் கேமரா பிடித்தவருக்கு எடுத்த படத்தின்மேல் உரிமை கிடையாது. அந்தந்த இயக்குநரிடம் போய்க் கேட்டு வாங்கித்தான் இதைச் செய்திருக்கிறார். தன் வாழ்க்கையைச் சொல்லவே இத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு மனதில் தைத்தது.

படத்தொகுப்பு நெல்ஸ் பாங்கர்ட்டர். 1985ல் ஃபிலடெல்ஃபியாவில் காவல்துறை ஒரு குடியிருப்பின்மேல் குண்டு போட்ட சம்பவத்தைப் பற்றி, பழைய பதிவுகளை மட்டும் வைத்து, விளக்கக் குரலே இல்லாமல் 2013ல் ஒரு படம் வந்ததே, அதைத் தொகுத்தவரும் இவர்தான். அந்தக் கை பழகிய கை.

---

ஒலிக்காரன் | சனி, இரவு 11:30

வணக்கம். நான் 14 வருடமாக ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன், மதுரை. இந்தப் படத்தை நான் காதால்தான் பார்த்தேன்.

படப்பிடிப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். கேமரா ஓடத் தொடங்கியதும் முதல் பத்து விநாடி யாருக்கும் வேண்டாத பத்து விநாடி. ஃபோகஸ் பிடிப்பார்கள், ட்ரைபாடைத் திருகுவார்கள், “கொஞ்சம் இடப்பக்கம் வாங்கம்மா” என்பார்கள். ஷாட் முடிந்த பிறகும் அப்படித்தான், யாராவது சிரிப்பார்கள், யாராவது பெருமூச்சு விடுவார்கள். எடிட்டிங்கில் முதல் வேலையே இந்தத் தலையையும் வாலையும் நறுக்குவது. ‘கேமராபெர்சன்’ முழுக்க அந்தத் தலையும் வாலும்தான். கேமராவின் மைக் அவருடைய வாய்க்குப் பக்கத்தில் இருப்பதால், எடுப்பவரின் மூச்சு, முனகல், சிரிப்பு எல்லாம் விழுந்திருக்கிறது. எங்கள் வேலையில் அதற்குப் பெயர் அழுக்கு. சுத்தம் செய்து கொடுக்கச் சொல்வார்கள். நானே எத்தனையோ பேரின் மூச்சை இப்படித் துடைத்திருக்கிறேன்.

பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா வரும் காட்சியைக் கவனித்தீர்களா? நியூயார்க்கில் அவர் சாலையைக் கடக்கிறார். ஜான்சன் அவரையே பார்த்துக்கொண்டு போய் இடறுகிறார். உடனே தெரிதா, இவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், ஆனால் முழுக்கக் குருடு, நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே போய்க் கிணற்றில் விழுந்த தத்துவவாதி மாதிரி என்கிறார். அது பழைய கிரேக்கத் தத்துவவாதி தேலீஸைப் பற்றிப் பிளேட்டோ எழுதிய கதை. வியூஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்தவருக்குக் காலடி தெரியாது. எங்கள் ஊரில் கேமராமேன் பின்னால் நடக்கும்போது அவருடைய இடுப்பு பெல்ட்டை ஒருவர் பிடித்துக்கொண்டே வருவோம். நான் பல தடவை பிடித்திருக்கிறேன்.

---

நீலாம்பல் | ஞாயிறு, காலை 7:05

எல்லாரும் ஃபோச்சாவையும் தெரிதாவையும் பேசுகிறீர்கள். கானோவை யாரும் தொடவில்லை. எனக்கு இந்தப் படம் அங்கேயே முறிந்துவிட்டது.

நைஜீரியாவில் ஒரு பிரசவ அறை. இரட்டைக் குழந்தைகளில் ஒன்று மூச்சுக்குத் திணறுகிறது. பிராணவாயு வேண்டும், அங்கே இல்லை. மருத்துவச்சி கையால் ஆனதைச் செய்கிறார். கேமரா அந்தக் குழந்தையின் மார்பை விட்டு நகரவில்லை. ஒரு உயிர் ஏறி இறங்குவதை நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாய் இதற்குச் சம்மதித்தாரா? பிள்ளை பெற்றுக் கிடக்கும் ஒருத்தியிடம் யார் போய்க் கேட்டிருப்பார்கள்? அதுவும் வேறு ஒரு படத்துக்காக எடுத்ததை, எடுத்தவரின் சொந்தக் கதைக்கு இன்னொரு முறை பயன்படுத்துகிறார். தன் மனம் எப்படி நொந்தது என்று காட்ட அந்தக் குழந்தை வேண்டுமா?

ஜான்சன் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நேர்மை மட்டும் போதாது என்கிறேன்.

---

மலைச்சாரல் | ஞாயிறு, காலை 8:20

நீலாம்பல் அக்கா, நான் அந்தக் காட்சியைத் தொடாமல் விட்டது தெரிந்தேதான். எனக்கும் பதில் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தக் காட்சியில் ஜான்சனின் குரல் கேட்கிறது. பிராணவாயு பற்றி அவர் கேட்கிறார். ‘நான் இங்கே இல்லை’ என்று அவர் பாவனை செய்யவில்லை. மூலப் படத்தில் அந்தக் குரல் வந்திருக்காது என்று நினைக்கிறேன். இங்கே அவரும் அந்த அறையில் நின்ற ஒரு ஆளாக நம் முன்னால் நிற்கிறார்.

இது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது, தெரியும்.

---

பிரசவவார்டு | ஞாயிறு, பிற்பகல் 2:48

இந்த இழைக்காகவே இன்று படத்தைப் பார்த்தேன். நான் 19 வருடமாக அரசு மருத்துவமனையில் செவிலியர், அதில் 11 வருடம் லேபர் வார்டு. கானோ காட்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாதம் நிறைந்து பிறந்த பிள்ளை மூச்சு விடவில்லை என்றால் முதல் ஒரு நிமிடம்தான் எங்களுக்கு எல்லாமே. துடைத்துச் சூடாக்கணும், முதுகைத் தேய்க்கணும், அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்றை உள்ளே தள்ளணும். முதலில் சாதாரணக் காற்றே போதும், சிலிண்டர் அப்புறம். இதைச் செய்யப் பழகிய கை வேண்டும். பழகாதவர் ஆர்வத்தில் கையை வைத்தால் கெடுதல்தான். ஆகவே “கேமராவைக் கீழே போட்டுவிட்டு உதவியிருக்கக் கூடாதா” என்று யாராவது கேட்டால், அந்த அறையில் ஜான்சனால் செய்ய முடிந்த ஒரே உதவி வெளிச்சத்தை மறைக்காமல் ஒதுங்கி நின்றதுதான்.

நான் பார்த்தது அந்த மருத்துவச்சியின் கையை. அவசரமே இல்லாத கை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருப்பதை வைத்துக்கொண்டு எத்தனையோ இரவு வேலை பார்த்த கை அது. ஒரே ஆள் தாயையும் கவனிக்கணும், பிள்ளையையும் கவனிக்கணும். பதறினால் இரண்டும் போய்விடும். எங்கள் வேலையை இவ்வளவு நேரம், இவ்வளவு பொறுமையாக, வெட்டாமல் ஒருவர் பார்த்ததை நான் இதற்கு முன்னால் திரையில் கண்டதில்லை. படம் பார்த்து எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான், காரணம் குழந்தை மட்டுமில்லை.

குழந்தைக்கு என்ன ஆனது என்று இங்கே எழுத மாட்டேன். பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

சம்மதம் பற்றி நீலாம்பல் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் வார்டுக்குள் யாராவது கேமராவோடு வந்தால் நான் விடமாட்டேன்.

---

நீலாம்பல் | ஞாயிறு, மாலை 4:10

அக்கா, நன்றி. அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை. பயத்தில் குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி ஒருமுறை பார்க்கிறேன்.

உதவவில்லை என்ற குறையை விட்டுவிடுகிறேன். சம்மதம் என்ற கேள்வியை விடமாட்டேன்.

---

படச்சுருள் | ஞாயிறு, மாலை 5:33

நீலாம்பல் விடக்கூடாது. ஏனென்றால் படமே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். ஜான்சன் முதலில் செய்ய நினைத்தது வேறு. ஆப்கானிஸ்தானில் இரண்டு இளைய பிள்ளைகளைப் பற்றி ஒரு படம். அதில் ஒரு பெண் பிறகு, என் முகம் வந்தால் எனக்கு ஆபத்து, என்னைக் காட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஜான்சன் அதை ஏற்றுக்கொண்டார். எடுத்த படம் நின்றுபோனது. அப்போதுதான், இத்தனை வருடம் யார் யாரையெல்லாம் எடுத்தேன், அவர்களுக்கெல்லாம் என்ன ஆனது என்று பழைய ஃபுட்டேஜைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

காபூலில் ஒரு கண்ணை இழந்த பையன் தன் அண்ணன் தம்பிகளில் ஒருவன் செத்ததைச் சொல்லும் இடம் வருகிறதே, அது மட்டும் இந்தப் படத்தில் மிஞ்சியிருக்கிறது.

டெக்சஸில் ஜாஸ்பர் காட்சியையும் பாருங்கள். 1998 ஜூனில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை மூன்று வெள்ளையர்கள் வண்டியில் சங்கிலியால் கட்டி இழுத்துக் கொன்றார்கள். அரசு வழக்கறிஞர் ஆதாரப் பெட்டியிலிருந்து அந்தச் சங்கிலியை எடுத்துக் காட்டுகிறார். நாம் பார்ப்பது சங்கிலியை மட்டும்தான். அப்புறம் பெருங்கொலைகள் நடந்த இடங்களை வரிசையாக வைக்கிறார்: ருவாண்டாவில் நியாமாட்டா தேவாலயம், காபூலில் பீபி மஹ்ரு மலைமேல் உள்ள நீச்சல் குளம், அமெரிக்காவில் வூண்டட் நீ. உடல் எதுவும் இல்லை. சுவர், புல், வெயில். எதைக் காட்டக் கூடாது என்று யோசித்து எடுத்தவர்தான் கானோவை உள்ளே வைத்திருக்கிறார். அதனால் அந்த முடிவை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ளவும் முழுசாக முடியவில்லை.

---

கதிர்_98 | ஞாயிறு, இரவு 8:02

நேற்று இரவு மறுபடியும் முழுசாகப் பார்த்தேன். முதல் தடவை துண்டு துண்டாகத் தெரிந்தது இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அந்தப் புரூக்ளின் குத்துச்சண்டைப் பையன் தோற்ற கோபத்தில் எதையெதையோ அடித்துக்கொண்டு போவானே, கடைசியில் கூட்டத்துக்குள் அம்மாவைத் தேடிப் போய்க் கட்டிக்கொள்கிறான். ஜான்சன் அவன் பின்னாலேயே ஓடுகிறார். இவருடைய அம்மாவும் படம் முழுக்க வந்துகொண்டே இருக்கிறார் என்பது முதல் தடவை எனக்கு உறைக்கவே இல்லை. அல்சைமர் வந்த அம்மா, வயோமிங்கில் காற்றில் நிற்கிறார். அப்புறம் அவருடைய சாம்பல். எங்கெங்கோ போய் எடுத்ததெல்லாம் வீட்டைச் சுற்றித்தான் வருகிறது.

ஒரு கேள்வி. ‘கேமராமேன்’ என்று போடாமல் ‘கேமராபெர்சன்’ என்று போட்டதற்குத் தமிழில் என்ன சொல்வது?

---

படச்சுருள் | ஞாயிறு, இரவு 8:20

தமிழில் தேடவே வேண்டாம் தம்பி. ‘ஒளிப்பதிவாளர்’ என்றால் ஆணும் ஆகும், பெண்ணும் ஆகும். ‘சின்ன வீடு’ படத்துக்கு 1985ல் பி.ஆர். விஜயலட்சுமி ஒளிப்பதிவு செய்தபோது அந்தச் சொல்லை யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

---

ஒலிக்காரன் | ஞாயிறு, இரவு 8:41

ஆனால் செட்டில் இன்னும் எல்லாரும் கேமராமேன்தான் ஐயா. அது மாறணும்.

கதிர் அம்மாவைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. ஜான்சனின் அம்மா 2007ல் இறந்துபோனார். பிறகு 2020ல் அப்பாவைப் பற்றி ‘டிக் ஜான்சன் இஸ் டெட்’ எடுத்தபோது ஒரு விஷயத்தைச் சொல்கிறார்: வாழ்நாள் எல்லாம் கேமராவோடு இருந்தும், அம்மாவை நோய் வருவதற்கு முன்னால் எடுத்த வீடியோ என்று அவரிடம் அநேகமாக எதுவும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு அன்று இரவே என் அம்மாவைக் கூப்பிட்டு, மைக்கை வைத்து, அவர் சின்ன வயதில் கண்மாயில் மீன் பிடித்த கதையைச் சொல்லச் சொன்னேன். 40 நிமிடம் பேசினார். நடுவில் குக்கர் விசில் நான்கு முறை. அதைத் துடைக்கவில்லை.

---

அலைகரை | திங்கள், அதிகாலை 1:15

இவ்வளவு நாள் இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். இன்று எழுத வேண்டும் போல இருக்கிறது.

நான் நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் தங்கச்சியும் போய்விட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் எங்கள் தெருவுக்கு எத்தனை கேமரா வந்தது என்று எனக்கு எண்ணத் தெரியாது. எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் எனக்குப் பிஸ்கட் கொடுத்தார், அவருடைய தொப்பியை என் தலையில் வைத்தார். இன்னொரு குழு அம்மாவை உடைந்த படகுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தது. பேசி முடித்து அழுதுவிட்டு எழுந்ததும், ஏதோ சரியாக விழவில்லை என்று மறுபடி உட்காரச் சொன்னார்கள். அம்மா மறுபடி உட்கார்ந்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அந்தப் படம் எங்கே ஓடியது, யார் பார்த்தார்கள், எதுவும் தெரியாது. யாரும் திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு அதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. அன்றைக்கு அம்மா கையில் தங்கச்சியின் போட்டோவை வைத்துக்கொண்டுதான் பேசினார். அதற்கப்புறம் முகாம் மாறியபோது அந்தப் போட்டோ தொலைந்துவிட்டது. வேறு படம் எங்களிடம் கிடையாது. “அந்தக் கேசட்டுல பாப்பா இருப்பாள்ல” என்று அம்மா இன்றைக்கும் கேட்பார்.

ஃபோச்சா பாட்டி தன் வீட்டைத் திரையில் பார்த்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் வந்தது, நிம்மதியும் வந்தது. மலைச்சாரல் அண்ணா அதை நடுத்தூண் என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதாது. திரும்பிப் போனது ஒரு வீட்டுக்கு. கானோவுக்கு? காபூலுக்கு? நீலாம்பல் அக்கா கேட்ட சம்மதம் எங்கள் தெருவில் எல்லாரும் கொடுத்தோம். கேட்டால் யாரும் மறுத்திருக்க மாட்டோம், மறுக்கலாம் என்றே தெரியாது. அதனால் சம்மதத்தைவிட எனக்கு முக்கியம் திரும்பி வருவது. எடுத்தது எங்களிடமும் ஒரு பிரதி இருக்கணும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

---

நீலாம்பல் | திங்கள், காலை 6:30

தம்பியோ தங்கையோ, தெரியவில்லை. உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

---

பிரசவவார்டு | திங்கள், காலை 6:58

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? உடம்பு சௌகரியமா?

---

அலைகரை | திங்கள், காலை 9:12

தம்பிதான் அக்கா. அம்மா நன்றாக இருக்கிறார். கருவாடு போடுகிறார். முழங்கால் வலி மட்டும்.

---

மலைச்சாரல் | திங்கள், இரவு 10:05

காலையிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை.

இதுவரை இங்கே சொல்லாத ஒன்றைச் சொல்லணும். நான் 12 வருடம் தொண்டு நிறுவனங்களுக்குக் குறும்படங்கள் எடுத்தவன். 2007ல் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரில் இரண்டு நாள் தங்கி எடுத்தோம். நெல் விதைகளைக் குதிரில் சேர்த்துப் பாதுகாத்துவந்த ஒரு பாட்டி. அப்போதே எழுபதுக்கு மேல் இருக்கும். எனக்குச் சோறு போட்டார், கேமரா பேட்டரி சார்ஜ் போடப் பக்கத்து வீட்டில் சொல்லி ஏற்பாடு செய்தார். புறப்படும்போது, “இதை எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுவியாய்யா” என்று கேட்டார். அடுத்த மாதமே வருகிறேன் என்று சொன்னேன். படத்தில் அவர் வந்தது 50 விநாடி. எடுத்தது மூன்று கேசட், ஏறக்குறைய மூன்று மணி நேரம். நான் போகவே இல்லை. வேலை, வேலை என்று அப்படியே விட்டுவிட்டேன்.

ஃபோச்சா காட்சியை மூன்று முறை பார்த்ததற்குக் காரணம் அதுதான். நடுத்தூண் என்று பெரிதாக எழுதிவிட்டேன், ஏன் என்று எழுதவில்லை.

இன்று மதியம் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். மூன்று கேசட்டும் இருக்கின்றன, மினி டிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ கேசட், லேபிளில் என் கையெழுத்து. பாட்டி இப்போது இருக்க வாய்ப்பில்லை. ஒரு பேத்தி இருந்தாள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஊரிலோ பக்கத்திலோ இருப்பாள். பிரச்சினை என்னவென்றால் என் பழைய கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட் போய்விட்டது, போட்டால் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. கேசட் ஓட்டும் கருவி யாரிடமாவது இருக்கிறதா?

---

ஒலிக்காரன் | திங்கள், இரவு 10:31

என்னிடம் இருக்கிறது. ஒரு பழைய சோனி கேமரா, ஓட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். கேமராவிலிருந்து படத்தை இறக்கும் ஃபயர்வயர் போர்ட் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது. மூன்று மணி நேர டேப் என்றால் இறக்கவும் மூன்று மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்ட முடியாது.

கேசட்டை இப்போது எதிலும் போட்டுப் பார்க்காதீர்கள். இத்தனை வருடம் பரணில் இருந்ததில் பூஞ்சை பிடித்திருந்தால் ஹெட்டில் ஒட்டி டேப்பும் கிழியும். கேசட்டில் உள்ள சின்ன ஜன்னல் வழியாக டேப்பைப் பாருங்கள், வெள்ளைத் தூள் மாதிரி தெரிந்தால் முதலில் சுத்தம் செய்யணும். வெயிலில் வைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், தூசி ஏறும். காற்றாடும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மதுரையில்தான் இருப்பேன். காலையில் வந்தால் மதியத்துக்குள் முடியும். 50 விநாடி வேண்டாம், மூன்று மணி நேரத்தையும் வெட்டாமல் இறக்குவோம். தலை, வால் எல்லாம் சேர்த்து.

---

மலைச்சாரல் | திங்கள், இரவு 10:36

ஞாயிறு காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். ஒரு கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. தூசியா பூஞ்சையா தெரியவில்லை. போட்டோ எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

---

அலைகரை | திங்கள், இரவு 11:50

அண்ணா, பேத்தியைக் கண்டுபிடித்ததும் இங்கே சொல்லுங்கள்.